ஏழாம் இலக்க பஸ்ஸில் முப்பத்திநாலு பேர்

அத்தியாயம் பதினொன்று

அசனா மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இன்றோடு ஐம்பத்தேழு நாள். கிண்ணியாவுக்குத் தெரியும், மூதூருக்குத் தெரியும், குச்சவெளியில் சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவள் பெற்ற மகன்.

அந்த மகன் அப்ராஸ் இன்று காலை ஏழரை மணிக்குத் திருகோணமலை இறங்குதுறையில் கால் வைக்கப் போகிறான். சுற்றுலாக் கப்பலொன்றில் பயணிகளின் அறைகளைத் துப்புரவு செய்கிற வேலை அவனுக்கு. உம்மாவுக்கென்று ஒரு பரிசும் கொண்டு வருகிறான்.

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்கள் அப்ராஸின் வாப்பா ஸைனுலாப்தீன் மீது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். கடிதங்கள் வருகின்றன. "அவரும் ஒரு தகப்பனா?" என்று தோப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்காக வாதாட நான் வரவில்லை. இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தி, உம்மாவுக்கு ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டதும் அப்ராஸ் ஒப்பந்தம் முடியாமலே பழைய கப்பலில் இருந்து இறங்கி ஓடி வந்தவன். அந்தக் கொம்பனி அவன் பெயரை வெட்டிவிட்டது. அடுத்த கப்பல் கிடைக்க இருபது மாதம் ஆனது. இருபது மாதமும் அவன் குசினிக் கதிரையில் குந்திப் போனை வெறித்துக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் இடையில் இறங்கினால் இனி எந்தக் கப்பலும் அவனை ஏற்றாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான், குச்சவெளியில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் அசனா நடுப்பகலில் ளுஹர் தொழுதுவிட்டு எழும்பாமலே போன அன்று, ஜனாஸாவைத் தூக்குவதற்கு முந்தியே ஸைனுலாப்தீன் சொல்லிவிட்டார்.

"மகனுக்கு ஒருத்தரும் அறிவிக்கக் கூடாது. இன்னும் மூணரை மாசம். முடிச்சிட்டுப் பெருநாளைக்கு வரட்டும்."

அவர் அப்போது அழவில்லை. பிறகும் அழவில்லை. ஐந்தாம் நாள் சப்பாத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுற்றுலா வழிகாட்டி வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மிச்சப் பாரம் மூத்த மகள் ஷிஃபானாவின் தலையில் விழுந்தது. தம்பி கோல் எடுத்தால் உம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பாள். வீடியோவுக்குக் கேட்டால் போன் உடைந்திருக்கிறது என்பாள். அவள் ஆசிரியர் பயிற்சிக்குக் கண்டியில் இருந்த காலத்தில் உம்மா அனுப்பிய குரல் பதிவுகள் நிறைய இருந்தன. அவற்றில் "மகள்" என்ற சொல் வராத துண்டுகளைத் தேடியெடுத்து, ஒரு போனில் ஓடவிட்டு மற்றப் போனில் பதிந்து, வாரத்துக்கு ஒன்றாகத் தம்பிக்கு அனுப்பினாள். சாப்பிட்டியா, தொழுதியா, பனியில திரியாத.

மிச்சமிருந்த ஆறு கிழமையையும், அந்த ஒன்றரை மாதத்தையும், இப்படியே ஓட்டிவிடலாம் என்றிருந்த நேரத்தில்தான் கப்பலின் பாதை திருகோணமலைப் பக்கம் மாறியது. "ராத்தா, வியாழக்கிழமை நாங்க ட்ரிங்கோ!" என்று அப்ராஸ் அக்காவுக்கு எழுதினான்.

கப்பல் ஊழியருக்குக் கரையில் சுற்ற அனுமதி இல்லை. ஆனால் பயணிகளை இடம் பார்க்கக் கூட்டிப்போகிற பஸ் ஒவ்வொன்றிலும், இலக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆட்களை எண்ணுவதற்கு ஒரு ஊழியன் போக வேண்டும். எஸ்கோட் என்று பெயர். அப்ராஸ் கெஞ்சிக் கூத்தாடி ஏழாம் இலக்க பஸ்ஸை வாங்கிவிட்டான். அதற்கு வழிகாட்டி யார் என்று அவனுக்குத் தெரியும். தகப்பன் என்று சொன்னால் விடமாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை.

"வாப்பாட பஸ் திரும்பி வரக்க குச்சவெளி இளநிக் கடையில இருவது நிமிசம் நிக்குமாம். உம்மாவ அங்க கூட்டிட்டு வாங்க. இருவது நிமிசம் போதும் எனக்கு."

இதுதான் அவனுடைய கடைசிச் செய்தி.

*

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஷிஃபானா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்றன்."

"எப்ப?"

"போற வழியில."

"வாப்பா, அவன் கடையடியில இறங்கி உம்மாவத் தேடினா நான் என்ன செய்ற?"

"அதுக்கு முந்திச் சொல்றன் எண்டுதானே சொல்றன்." ஸைனுலாப்தீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். முன்பெல்லாம் அதை அவர் செய்ததில்லை. "சொன்னதோட வேலை முடியாது. சொல்லிப்போட்டு, திரும்பிக் கப்பல்ல ஏத்தவும் வேணும். ஆறு கிழமைதான்."

"அவன் ஏறுவானா?"

அவர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினார்.

*

இறங்குதுறையில் வெயில் அப்போதே சுட்டது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆட்கள் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓர் இலக்கம் ஒட்டியிருந்தது. ஏழாம் இலக்கக்காரர்கள் முப்பத்திநாலு பேர். அந்த வரிசையின் வாலில், பலகையை உயர்த்திப் பிடித்தபடி அப்ராஸ் வந்தான்.

மெலிந்திருந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தான். தோளில் ஒரு துணிப் பை.

"அஸ்ஸலாமு அலைக்கும், சேர்," என்றான் மெல்ல. 'சேர்' என்கிறபோது சிரிப்பு வாயோரத்தில் வந்து நின்றது. ஒன்பது வயதில் தகப்பனுக்கு ஒளித்து பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் ஏறி வருவானே, அதே சிரிப்பு.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றார் ஸைனுலாப்தீன். மகனை ஒரு தரம் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று அவருக்கு அறிவால் தெரிந்தது. கை எழும்பவில்லை. "எத்தின பேர்?"

"முப்பத்திநாலு. சரி."

சாரதி நஸ்ரி கண்ணாடியில் இருவரையும் பார்த்தான். இந்த பஸ்ஸில் பதினாறு வருடமாக ஸைனுலாப்தீனோடு ஓடுகிறவன். ஜனாஸாவுக்கும் வந்தவன். எஞ்சினை முறுக்கினான்.

நிலாவெளி போயிற்று. பாலங்கள் போயின. ஸைனுலாப்தீன் மைக்கைப் பிடித்து உப்பளம், களப்பு, கொக்கு என்று வழக்கமான பாடத்தை ஒப்புவித்துக்கொண்டு வந்தார். முப்பத்தொரு வருடப் பாடம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்று கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்.

குச்சவெளி வந்தபோது இடது கைப்பக்கம் பள்ளிவாசலின் பச்சை மினாரா தெரிந்தது. அதற்குப் பின்னால், அசனாவை அடக்கிய மையவாடியின் மதில்.

"வலது பக்கம் பாருங்கள்," என்றார் மைக்கில். "என்ன நிறம் இந்தக் கடல்!"

முப்பத்திநாலு தலைகளும் வலது பக்கம் திரும்பின. கடைசி ஆசனத்தில் இருந்த முப்பத்தைந்தாவது தலையும் திரும்பியது. அதற்குள் மதில் போய்விட்டது. போற வழியில் சொல்கிறேன் என்றவர் போற வழியில் சொல்லவில்லை.

*

திரியாய் மலைக்கு அடிவாரத்தில் இருந்து கல்படி. மேலே வட்டமாகக் கல்தூண்கள், நடுவில் தாதுகோபுரம், கீழே காடு, காட்டுக்கு அப்பால் கடல். இந்த மலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் மூன்று சமூகத்திடமும் மூன்று பேச்சு உண்டு. ஸைனுலாப்தீன் எந்தப் பேச்சிலும் அகப்படாமல், கடலில் வந்த இரண்டு வியாபாரிகளின் கதையை மட்டும் சொல்லி இறங்கிவிடுவார். அதனால்தான் முப்பத்தொரு வருடம் தாக்குப்பிடித்தார்.

பயணிகள் ஒவ்வொருவருக்கும் காதில் ஒரு சிறு கருவி. அவர் சட்டைக் கழுத்தில் மைக். அவர் முணுமுணுத்தாலும் முப்பத்திநாலு காதுகளிலும் விழும். அதனால் படியேறும்போது மைக்கை அணைத்து வைப்பது அவர் வழக்கம்.

ஹில்டா என்ற ஊன்றுகோல் பாட்டிக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, அப்ராஸ் தகப்பனின் பக்கத்தில் வந்து சேர்ந்தான்.

"வாப்பா, ஒண்டு கேக்கவா? ஒளிக்காமச் சொல்லுங்க."

"கேள் மகன்."

"உம்மாக்கு மறதி வருத்தம் வந்திட்டா?"

ஸைனுலாப்தீன் நின்றார்.

"எனக்கு விளங்கிட்டு வாப்பா. சனவரியில ஒரு வொய்ஸ் வந்திச்சி. 'தலைய ஈரத்தோட கட்டிராத, தடிமன் பிடிக்கும்' எண்டு சொல்றா. எனக்கு எங்க வாப்பா கட்டத் தலைமயிர்?" தலையைத் தடவிக் காட்டினான். "முதல்ல சிரிச்சன். பிறகு யோசிச்சன். என்னைய ராத்தா எண்டு நினைச்சிட்டா. நெட்டிலயும் வாசிச்சன். இப்பிடித்தான் தொடங்குமாம். அதுதான் நீங்க ஒருத்தரும் வீடியோவில காட்டுறீங்க இல்ல."

துணிப் பையைத் திறந்தான். உள்ளே ஒரு மேசைக் கடிகாரம். பெரிய பெரிய எழுத்தில் கிழமை, திகதி, காலையா மாலையா என்றெல்லாம் காட்டுகிற வகை. வியாழன், காலை, பெப்ரவரி எட்டு என்று ஒளிர்ந்தது.

"மறதி உள்ள ஆக்களுக்கெண்டே செய்றாங்க. தமிழில எழுத்து வாற மாதிரியும் மாத்தலாம். கட்டிலுக்கு முன்னால வச்சிருவம், என்ன? நான் ஒண்டும் கவலைப்படல்ல வாப்பா. உசிரோட இருந்தாப் போதும்தானே."

ஸைனுலாப்தீன் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல தெளிவான எழுத்து என்றுதான் அவருக்குத் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. மேலே ஆட்கள் காத்திருந்தார்கள்.

தூண்களுக்கு முன்னால் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். அப்ராஸ் குனிந்து சோடிகளை எண்ணினான். இப்படியான இடத்தில் ஆட்களை எண்ணுவதைவிடச் சப்பாத்தை எண்ணுவது லேசு. சப்பாத்து நடந்து திரியாது. இந்தத் தந்திரத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே தகப்பன்தான்.

"முப்பத்திநாலு சோடி, சேர்."

ஸைனுலாப்தீன் மைக்கைப் போட்டார். ஆங்கிலத்தில் தொடங்கினார். இரண்டு வியாபாரிகள். அண்ணன் தம்பி. புத்தரின் தலைமயிரை ஒரு பேழையில் வைத்துக் கடல்மேல் கொண்டுவந்தார்கள். இந்தக் கரையில் இறங்கினார்கள். பசி. பேழையைப் பாறைமேல் இறக்கி வைத்துவிட்டுச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

"திரும்பி வந்து தூக்கிப் பார்த்தார்கள்," என்றார். "தூக்க முடியவில்லை."

இந்த இடத்தில் அவர் எப்போதும் ஒரு சின்ன இடைவெளி விடுவார். ஆட்கள் சிரிப்பார்கள். இன்றும் இரண்டொருவர் சிரித்தார்கள். இடைவெளி நீண்டது. அவர் மகனைப் பார்த்தார். அவன் கூட்டத்துக்குப் பின்னால், பலகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு தோளில் அந்தப் பையோடு நின்றான்.

"மகன்," என்றார் தமிழில். "உம்மாக்கு மறதி ஒண்டும் இல்ல. உம்மா மௌத்தாயிட்டா."

முப்பத்திநாலு காதுகளிலும் அது விழுந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை.

"டிசம்பர் பதின்மூண்டு. ளுஹர் தொழுது சலாம் கொடுத்த இடத்தில. ஹார்ட். பின்னேரம் அசருக்குப் பிறகு குச்சவெளியில அடக்கின. உனக்கு அறிவிக்க வேணாம் எண்டு நான்தான் சொன்னன். ராத்தா ஏலாது எண்டு அழுதவ. அவவில பிழையில்ல. அந்த வொய்ஸ் எல்லாம் பழைய வொய்ஸ். ராத்தா கண்டியில இருக்கக்க உம்மா அனுப்பினது."

ஹில்டா பாட்டி காதுக் கருவியைக் கையால் அமர்த்திப் பிடித்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தியதும் மெல்லக் கேட்டாள், "அது பிரார்த்தனையா?"

"இல்லை," என்றார் ஸைனுலாப்தீன். "ஓர் அறிவித்தல்."

பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். தூக்க முடியாத பேழை இருந்த இடத்திலேயே இந்தக் கோபுரம் எழுந்தது என்று சொல்கிறார்கள். படம் எடுக்க இருபது நிமிடம். தூண்களில் ஏற வேண்டாம்.

ஆட்கள் கலைந்தார்கள். அப்ராஸ் அசையவில்லை. பலகையும் இறங்கவில்லை. ஏழு என்ற எழுத்து அப்படியே காற்றில் நின்றது. தகப்பன் கிட்டப் போய் மைக்கை அணைத்தார்.

"பதின்மூண்டா?" என்றான் அப்ராஸ்.

"ஓம்."

"புதன்கிழமை?"

"ஓம்."

"அண்டைக்கு நாங்க பினாங்கில நிண்ட. எனக்கு அரைநாள் லீவு. நான் கடை பார்க்கப் போனனான்." அவன் குரலில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒருவரின் அறை இலக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். "இந்த மணிக்கூடு அண்டைக்கு வாங்கல்ல. அண்டைக்கு வாங்கினது ஷம்பு."

"மகன்..."

"பன்ரண்டுக்கு பஸ் எடுக்கோணும், சேர்."

அவன் சேர் என்றபோது பக்கத்தில் பயணிகள் ஒருவரும் இல்லை.

*

ஷிஃபானா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே வந்து இளநீர்க் கடையின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பஸ் வடக்கே போனதைப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் கடலைப் பார்த்திருந்தன. வாப்பா இன்னும் சொல்லவில்லை என்று அப்போதே விளங்கிவிட்டது.

மடியில் சாப்பாட்டுப் பார்சல். இடியப்பம், கணவாய்ப் பொரியல், தேங்காய்ச் சம்பல். அவனுக்குப் பிடித்ததென்று உம்மா செய்வதையெல்லாம் செய்திருந்தாள். கைப்பையில் உம்மாவின் போன். ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இந்த இரண்டு மாதமாக அது கையில் இல்லாவிட்டால் எதையோ அடுப்பில் வைத்து மறந்ததுபோலப் பதறுகிறாள்.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு பஸ் வந்து நின்றது. கடைக்கார இரத்தினசிங்கம் கத்தியை எடுத்தார். வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். வாப்பா முன்கதவால் இறங்கி, அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல இளநீர் பகிரப் போனார்.

பின்கதவால் தம்பி இறங்கினான்.

ஷிஃபானா அவன் முகத்தை ஆராய்ந்தாள். கண் சிவக்கவில்லை. முகம் வீங்கவில்லை. கழுவி வைத்த தட்டுப்போல் இருந்தது. சொல்லியாயிற்றா, இல்லையா?

"ராத்தா," என்று வந்து, பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான். "இது உம்மாக்கு வாங்கினன்."

அவ்வளவுதான்.  வாப்பா சொல்லவில்லை. பொய் தானாகவே வாயில் வந்துவிட்டது. இரண்டு மாதப் பழக்கம்.

"உம்மாக்கு... உம்மாக்கு ராவெல்லாம் காய்ச்சல்டா தம்பி. டொக்டர் வெயிலில போக வேணாம் எண்டுட்டார். வாறன் வாறன் எண்டுதான் நிண்டவ. நான்தான் ஏலாது எண்டு படுக்க வச்சிட்டு வந்தன். உனக்கு இத சமைச்சு..."

அவன் குறுக்கே பேசவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவிட்டான். அவளுக்குச் சொல் தீர்ந்தது.

"சொல்லுங்க, ராத்தா. உங்கட வாயால கேக்க நல்லாயிரிக்கி," என்றான். "படுத்திருக்கா எண்டு சொன்னீங்க. பிறகு?"

ஷிஃபானா பார்சலைக் கீழே வைத்தாள். 

"வாப்பா சொல்லிட்டாரா?"

"ஓம். மைக்கில சொன்னாரு."

அவள் அழுதாள். இரண்டு மாதமாகக் குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளித்து அழுததெல்லாம் ரோட்டோரத்தில், இளநீர் குடிக்கிற வெள்ளைக்காரருக்கு முன்னால் வந்தது. அவன் அழவில்லை. அவள் தோளில் கை வைத்தான். அந்தக் கை மரக்கட்டைபோலக் கிடந்தது.

"எங்க அடக்கின?"

"அந்தா, மினாரா தெரியுதே. பின்னால மையவாடி. வாசலால போய் வலது பக்கம், வேம்புக்குக் கீழ. நடந்தா அஞ்சு நிமிசம்."

"வாப்பா அடிக்கடி வாறாரா?"

அவள் தயங்கினாள். ஆனால் இன்றோடு பொய் போதும் என்றிருந்தது.

"அடக்கின நாளைக்குப் பிறகு வரவேயில்ல. கிழமைக்கு ரெண்டு தரம் இந்த ரோட்டால பஸ்ஸில போறாரு, வாறாரு. இறங்கல்ல."

அப்ராஸ் எழுந்து, இளநீர்க் கோம்பைகளை ஒதுக்கிக்கொண்டிருந்த தகப்பனிடம் போனான். ஷிஃபானாவுக்கு அவர்கள் பேசியது கேட்டது.

"பத்து நிமிசம் தாங்க, வாப்பா. ஓடிப் பாத்திட்டு ஓடி வாறன்."

"ஏலாது மகன்." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "எஸ்கோட் ஆக்கள விட்டிட்டுப் போனா, ஒருத்தர் ஒரு சொல் எழுதிக் குடுத்தாப் போதும். உன்ட ரெக்கோட்டில விழும். ஏற்கனவே ஒண்டு இரிக்கி. ஆறு கிழமை. முடிச்சிட்டு வா. ஆறுதலா இருந்து ஓதலாம். உம்மா அங்கதானே இருக்கா. எங்க போகப் போறா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியிருக்க வேண்டும்.  ஆனால் திருத்தவில்லை.

"சரி வாப்பா," என்றான் அப்ராஸ்.

திரும்பி வந்து அக்காவிடம் கை நீட்டினான்.

"உம்மாட போன் வச்சிருக்கீங்கதானே? தாங்க."

அவள் கொடுத்தாள்.

*

திரும்பும்போது ஸைனுலாப்தீன் முன்னாசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கடையடியில் பஸ் புறப்பட்டதும் வழக்கப்படிதான். எல்லோரும் ஏறியானதும் அவரே முன்னாலிருந்து ஒரு தரம் எண்ணினார். முப்பத்திநாலு. பின்பக்கத்தில் இருந்து பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. டக், டக். போகலாம் என்று அர்த்தம். சின்ன வயதில் இருந்தே அப்ராஸுக்கு அந்தத் தட்டு என்றால் உயிர். நஸ்ரி கியரைப் போட்டான்.

இரண்டு மணிக்கு இறங்குதுறைக்கு வந்தார்கள். வாசலில் கப்பலின் பெண் அதிகாரி பட்டியலோடு நின்றாள்.

"ஏழாம் இலக்கம்?"

"முப்பத்திநாலு பேர். சரி," என்றார் ஸைனுலாப்தீன்.

ஒவ்வொருவராக இறங்கி அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். ஹில்டா பாட்டி அவர் கையைப் பிடித்து, அந்த அறிவித்தல் மிகவும் அழகாக இருந்தது என்றாள். அவர் நன்றி சொன்னார்.

அதிகாரி கடைசிப் பெயரில் கோடு கீறிவிட்டு நிமிர்ந்தாள். "உங்கள் எஸ்கோட் எங்கே?"

ஸைனுலாப்தீன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். ஏறினார். ஆசனங்களுக்கு நடுவே கடைசி வரைக்கும் நடந்தார்.

கடைசி ஆசனத்தில் ஏழாம் இலக்கப் பலகை படுத்திருந்தது. அதன் கைபிடியில், கப்பலில் ஏறுவதற்கான ஊழியர் அட்டை நாடாவோடு சுற்றியிருந்தது.

"நஸ்ரி," என்றார். குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது. "மகன் ஏறல்லையா?"

நஸ்ரி கண்ணாடியில் பார்த்தான், திரும்பிப் பார்க்கவில்லை. "அவர் வெளிய நிண்டுதானே தட்டினவர், சேர். நான் கண்டனான். ராத்தாவோட பின்னால வாறதுக்கு நீங்கதான் விட்டீங்க எண்டு நினைச்சன்."

முப்பத்திநாலு என்று அவர் எண்ணியது சரிதான். விருந்தினர் முப்பத்திநாலு. எஸ்கோட் அந்தக் கணக்கில் வருவதில்லை. முப்பத்தொரு வருடமாக அவர் எந்த எஸ்கோட்டையும் எண்ணியதில்லை. எண்ணுவது அவர்களுடைய வேலை.

சுற்றுலா நேரத்தில் போனை அணைத்து வைப்பார். இப்போது போட்டார். திரை விழித்தது. ஷிஃபானாவின் அழைப்புகள் ஒன்பது. அதற்கு மேலே ஒரு பெயர்.

அசனா.

ஐம்பத்தேழு நாளைக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் போனில் வந்திருந்தது. ஒரு குரல் பதிவு. அவர் ஆசனத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காதில் வைத்தார். முதலில் காற்று. பிறகு காகம். பிறகு மகன்.

"வாப்பா, நான் உம்மாக்கிட்ட இருக்கிறன். நாலு மணிக்குக் கப்பல் ஏணியத் தூக்குவாங்க, எனக்குத் தெரியும். ராத்தா ஆட்டோ ஒண்ட நிப்பாட்டி வச்சிட்டு ஏறு ஏறு எண்டு அழுறா. நான் ஏறல்ல. நீங்க வாங்க. நீங்க வந்து, இதில இறங்கி, உம்மாக்கு சலாம் சொல்லிட்டு என்னையக் கூட்டிட்டுப் போங்க. கூட்டிட்டுப் போனா நான் கப்பலுக்குப் போறன். ஆறு கிழமையும் செய்றன். நீங்க வராட்டி நான் இங்கயே இருக்கிறன், வாப்பா."

குச்சவெளிக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். திரும்பி வர இன்னொன்று. இப்போது மணி இரண்டு பதினெட்டு.

அவர் இறங்கி வந்தார். பலகையையும் அட்டையையும் அதிகாரியிடம் நீட்டினார், பிறகு அட்டையை மட்டும் திரும்ப எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"அவன் என் மகன்," என்றார் ஆங்கிலத்தில். முப்பத்தொரு வருட ஆங்கிலம், ஒரு சொல்லும் சிக்கவில்லை. "அவனுடைய தாய் இறந்துவிட்டாள். என் மனைவி."

இந்த இரண்டு மாதத்தில் அந்த வசனத்தை அவர் தன் வாயால் ஓர் அந்நியருக்குச் சொன்னது இதுதான் முதல் தரம்.  பஸ்ஸின் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டார். தகரம் சுட்டது. சுடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

அதிகாரியின் முகம் மாறியது. பேனையை மூடினாள்.

"வருந்துகிறேன். எப்போது?"

எந்த அரசன் எந்த ஆண்டில் எந்தக் கோபுரத்தைக் கட்டினான் என்று தடுமாறாமல் சொல்கிற மனிதர், பதிலைத் தேடிக் கடலைப் பார்த்தார்.

"இன்றைக்கு," என்றார்.